பல்லக்கைத் திரும்பத் தூக்கினார்களா

பைபிளம்மா எதிரில் யாரும் ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. பெரிய விஷயம், சின்ன விஷயம் என்ற பேதம் அவருக்கு இல்லை. அவர் படிப்புச் சொல்லித்தரப் போகும் வீடுகளில் ஒரு முஸ்லிம் வீட்டில் ஒரு பீபீம்மா இருந்தார். தன் தாத்தா வெள்ளைக் குதிரையில் ஆற்காட்டிலிருந்து வந்த கதையை அவர் ஆரம்பிப்பார்.

"செவலைக் குதிரைம்மா," என்பார் பைபிளம்மா.

"எங்க தாத்தா ஏறுன குதிரை. உனுக்கு எப்டித் தெரியும்?"

"போன மாசம் நீங்கதான் சொன்னீங்க."

பீபீம்மா தலையில் அடித்துக்கொண்டு வெற்றிலைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளுவார். சண்டை அத்தோடு சரி.

எங்கள் மிஷன் கோயிலிலும் அதே கதைதான். உபதேசியார் பிரசங்கத்தில், செத்துப் பிழைத்த ஒருவனை மூன்று நாள் கல்லறையில் இருந்தவன் என்று சொல்லிவிட்டால், முன்வரிசையிலிருந்து "நாலு நாள்" என்று ஒரு குரல் வரும். மெல்லத்தான் சொல்வார். ஆனால் கோயில் முழுக்கக் கேட்கும். படுத்த படுக்கையாகக் கிடந்த சொந்த அம்மாவைக் கூட விடமாட்டார். "எனக்குக் கஞ்சி ஊத்தி நாலு நாளாச்சு," என்று அந்தக் கிழவி வருகிறவர் போகிறவரிடம் முறையிட்டால், "காலைல ஊத்துனேம்மா. ரெண்டு டம்ளர்," என்பார். "போடி வக்கீலு," என்று கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இதை அவருடைய குணம் என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். கலியாணமாகி இரண்டு வருஷம். ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் போட்ட முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில், பட்டைக் கொட்டாயில் வேலை. ஆவாரம்பட்டையை இரும்புப் பூண் போட்ட உலக்கையால் இடித்துத் தூளாக்குவோம். அந்தத் தூள்தான் தோலைப் பதமாக்கும். கொட்டாய்க்கு ஜன்னல் கிடையாது. காற்று வந்தால் தூள் பறந்து நஷ்டமாகும் என்று வைக்கவில்லை. காலை மணி அடித்ததும் வெளிக் கதவைப் பூட்டுவார்கள். சாயங்கால மணிக்குத்தான் திறப்பார்கள். நடுவில் பிள்ளைக்கு ஜுரம் என்று ஆள் வந்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்லவேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு தரம் திறக்கும். கையில் குடையும் கக்கத்தில் வேதப் புத்தகமுமாகப் பைபிளம்மா உள்ளே வருவார். வாட்ச்மேன் அவர் பின்னால் மறுபடி பூட்டுவான். அதற்கப்புறம் அவரும் எங்களோடு சாயங்காலம் வரை உள்ளேதான். மிஷன் சம்பளத்தில் பெண்களிடம் வேதம் சொல்வது அவர் வேலை. கஞ்சி குடிக்கிற நேரத்தில் வேதம் வாசிப்பார். மேஸ்திரி அந்தப் பக்கம் போய்விட்டால், நாங்கள் இடித்துக்கொண்டே கேட்க, வேதத்தில் இல்லாத கதைகளைச் சொல்வார். வேதத்தில் இல்லை என்பதையும் அவரேதான் சொல்வார். "இது புஸ்தகத்துல கெடையாது. இது வெளியே நின்ன கதை," என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

கதைகள் அவருக்கு வந்த வழி ஒன்று உண்டு. அவருடைய அப்பா வேலூரில் ஒரு கிழட்டுத் துரைக்குத் தமிழ் முன்ஷி. துரையின் அலமாரியில் பழைய கதைப் புத்தகங்கள் இருந்தன. எங்கள் சாமியின் சீஷர்களான அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவரும் எந்த ராஜ்யத்துக்குப் போனார்கள், எந்த ராஜா என்ன செய்தான் என்று அவர்கள் காலத்துக்குக் கொஞ்சம் பிந்தி இருந்தவர்கள் சொன்னவை. தமிழ் பழகுவதற்காகத் துரை அவற்றை வாய்விட்டுத் தமிழில் சொல்வாராம். முன்ஷி பிழை திருத்துவாராம். பத்து வயசுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கதையையும் கேட்டிருக்கிறது, திருத்தத்தையும் கேட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாக உள்ளே போய்விட்டன.

அந்தக் கதைகளில் எப்போதும் ஒரு ராஜா இருப்பான். நம் தேசத்துக்கு வந்த அப்போஸ்தலரிடம் ஒரு ராஜா மாளிகை கட்டப் பணம் கொடுத்தான். அவர் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, மாளிகை மேலுலகத்தில் இருக்கிறது என்றார். அவரைச் சிறையில் போட்டார்கள். இன்னொரு கதையில், ரோமாபுரி ராயனுக்குப் பானம் ஊற்றுகிற ஆள் மாடியிலிருந்து விழுந்து செத்து, பிழைத்து எழுந்து, நான் இனிமேல் வேறொரு ராஜாவின் சிப்பாய் என்று ராயனிடமே சொன்னான்.

என்னோடு இடிக்கிற கன்னியம்மா வேதக்காரி இல்லை. ஆனால் கதைக்கு முதல் ஆளாக உட்காருவாள். "வேற ராஜாவா? அப்ப இவன் ராயனா இருக்கறதுக்கு இன்னா அர்த்தம்?" என்றாள்.

"அதையேதான் ராயனும் கேட்டான்," என்றார் பைபிளம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சக்கரவர்த்திக்காகவும் அதிகாரமுள்ள எல்லாருக்காகவும் ஜெபம் உண்டு. எல்லா ஜெபத்துக்கும் ஆமென் சொல்லும் பைபிளம்மா அந்த ஒன்றுக்கு மட்டும் முந்தானையைச் சரிசெய்வார். நான் பெண்கள் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அதிகம் பேசாதவளுக்குக் கண்தான் வேலை செய்யும். அதற்கு மட்டும் ஏன் ஆமென் இல்லை என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "நம்ம சாமியச் சிலுவைக்கு அனுப்பிட்டுக் கை கழுவுன கவர்னர் தெரியுமில்ல?" என்றார். "அவனப் பத்தி வெளியே நின்ன கதை நெறைய இருக்குது. ஒண்ணுல அவன் அழுவறான். ஒண்ணுல ராயனுக்குக் கடுதாசி போட்டு நம்ம சாமி நல்லவருன்னு எழுதறான். ஒண்ணுல அவனே விசுவாசி ஆயிட்டான்."

"நெசமாவா?"

"இருக்காது. சொன்னவங்க ராயன் கைக்குள்ள இருந்தவங்க பாப்பா. மேல இருக்கறவன் நல்லவன், நடுவுல இருக்கறவன்தான் கெட்டவன்னு சொன்னா உசிரோட இருக்கலாம். அது பயந்தவங்க கதை. பயந்தவங்களத் தப்புன்னு சொல்லல. ஆனா கதை தப்பு."

பல்லக்குக் கதைதான் எல்லாவற்றுக்கும் காரணம். அது இப்படி. ஒரு பெரிய அதிகாரியின் மனைவி அப்போஸ்தலரைப் பார்க்கப் பல்லக்கில் வருகிறாள். எட்டுப் பேர் தூக்குகிறார்கள். வழிவிடச் சொல்லிச் சேவகர் ஜனங்களை அடிக்கிறார்கள். அப்போஸ்தலர் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை. பல்லக்குக்குக் கீழே இருந்தவர்களைப் பார்த்து, எனக்கு முதல் பேச்சு உங்களோடுதான், மாட்டின் மேல் வைக்கிறதை உங்கள் மேல் வைத்திருக்கிறார்கள் என்கிறார். எட்டுப் பேரும் பல்லக்கை இறக்கி வைக்கிறார்கள். திரும்பத் தூக்கவில்லை. அந்த அம்மாள் வீட்டுக்கு நடந்து போகிறாள். துரையின் புத்தகத்தில் முடிவு அப்படித்தான் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பைபிளம்மா சொன்னதில் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் அந்தக் கதையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். வேறு எதைத்தான் அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து வெளியே கொண்டுபோக முடியும்?

அந்தக் கோடையில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் தன் மனைவியோடு மிஷன் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். பாலாற்றின் அக்கரையில் அவர்களுடைய மோட்டார் மணலில் புதைந்துவிட்டது. அவர் குதிரையில் வந்துவிட்டார். மனைவியைத் தூக்கிவர டோலி ஏற்பாடு செய்தார்கள். டோலி என்றால் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியது. எங்கள் ஷாப்பிலிருந்து எட்டு ஆண்களை அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதில் முன்ஆள்.

நடு மணலில் பின்னால் இருந்த பெரியவர் ஒருவருக்குக் கால் சறுக்கியது. கூட வந்த பியூன் பிரம்பால் அவர் முதுகில் ஒன்று போட்டான். "எறக்குங்கப்பா," என்றார் எங்கள் வீட்டுக்காரர். எட்டுப் பேரும் இறக்கினார்கள். மணலில் உட்கார்ந்தார்கள். பியூன் கத்தினான், கெஞ்சினான். அவர்கள் எழவில்லை. அந்த வெள்ளைக்காரம்மா கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தே வந்தார். கோபமெல்லாம் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்குத்தான்.

"யாருடா உங்களுக்கு இத சொல்லிக்குடுத்தது?" என்று பியூன் கேட்டிருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் யோசிக்காமல், "அப்போஸ்தலர்," என்றிருக்கிறார்.

அது மிஷன் துரை காதுக்குப் போயிற்று.

எட்டுப் பேருக்கும் ஒரு மாசம் ஷாப்பில் வேலை இல்லை என்றார்கள். அது எங்கள் கஷ்டம். பைபிளம்மாவுக்கு வந்தது வேறு மாதிரி. அவர் இருந்த அறை மிஷன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியது. வேலை போனால் அறை போகும். அறை போனால் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊருக்குள் எங்கள் ஜாதிக்கு வீடு விடுகிறவர் யாரும் இல்லை. கிழவியைப் பாயோடு நகர்த்தினாலே மூச்சு வாங்கும்.

துரை விசாரிக்கக் கூப்பிட்டார். பைபிளம்மாவை முதலில் கேட்கவில்லை. கதை கேட்டவர்களில் ஒருத்தியை விசாரித்தால்தான் உண்மை வரும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன் என்னை?" என்று கன்னியம்மாவிடம் அழுதேன்.

"நீதான் வாயே தொறக்கமாட்டியே. வாயத் தொறக்காதவ பொய் சொல்லமாட்டான்னு துரை நெனப்பு," என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து, "அவரு நெனப்பு அப்டியே இருக்கட்டும். நீ பாத்து சொல்லு," என்றாள்.

துரையின் ஆபீஸ் அறையில் மேஜைக்குப் பின்னால் அவர். பக்கத்தில் நின்றபடி உபதேசியார். சுவரோரம் பைபிளம்மா. நான் கதவுக்கு அருகே. கதவைச் சாத்திவிட்டார்கள். உலக்கைச் சத்தம் இல்லாத இடத்தில் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

"பயப்படாதே, மகளே. அந்தப் பல்லக்குக் கதையை நீ கேட்டவிதமாகவே சொல்," என்றார் துரை. அவர் தமிழ் அச்சில் இருப்பது போலவே இருக்கும்.

நான் சொன்னேன். என் ஆயுசில் ஆண்கள் முன்னால் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அதிகாரியின் மனைவி வந்தாள். சேவகர் அடித்தார்கள். அப்போஸ்தலர் தூக்குகிறவர்களைப் பார்த்துப் பேசினார். அது வரைக்கும் உள்ளபடி சொன்னேன். முடிவுக்கு வந்தபோது எனக்குக் கிழவியின் பாய் ஞாபகம் வந்தது. "அவங்க எறக்கி வெச்சு, அவரு பேசனத கேட்டாங்க. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. அப்பறம் அந்தம்மாவ உக்கார வெச்சு, பல்லக்கத் திரும்பத் தூக்கிட்டு, பாட்டுப் பாடிக்கினு வீட்டுக்குக் கொண்டுபோய் வுட்டாங்க," என்றேன். பாட்டை நானே சேர்த்தேன்.

துரையின் முகம் தெளிந்தது. "இது வேதத்தில் இல்லை. ஆனால் இதில் கெடுதல் என்ன இருக்கிறது? அந்த மனிதர்கள்தாம் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள்," என்று உபதேசியாரிடம் சொல்லி, பேனாவை மூடினார். உபதேசியாரும் நீளமாக மூச்சு விட்டார். கதவைத் திறக்க நான் கை வைத்தேன்.

"அப்டி இல்ல பாப்பா."

சுவரோரத்திலிருந்து வந்தது. கோயிலில் வருமே, அதே மெல்லிய குரல்.

"தூக்கல. எறக்கி வெச்சது வெச்சதுதான். பாட்டும் இல்ல."

துரை பேனாவை மறுபடி திறந்தார்.

வெளியே வந்ததும் நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். "ஏம்மா? அம்மாவ நெனைக்கலியா?" என்றேன். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நெனச்சேன் பாப்பா. நெனப்பு வர்றதுக்குள்ள வாய் முந்திக்கிச்சு," என்றார்.

அவரை வெளியே அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒருவேளை அது வேறு விதமாகப் போயிருக்கும். முன்வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஆறு மாசம் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனம் கிடையாது. பட்டைக் கொட்டாய்க்கு வரலாம். ஆனால் வேதத்தை எழுதியிருக்கிறபடி வாசிக்க மட்டும்தான். அதற்கு ஒரு வார்த்தை வெளியே போனாலும் அறையைக் காலி செய்யவேண்டும். வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள உபதேசியார் கூட வருவார். இப்போது புதன்கிழமைகளில் வாட்ச்மேன் எங்களோடு இரண்டு பேரை வைத்துப் பூட்டினான்.

உபதேசியார் பொல்லாத மனுஷர் இல்லை. பட்டைத் தூளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பைபிளம்மா வாசிக்கும் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பைபிளம்மா வாசிப்பார். எங்கள் பக்கம் பார்க்கவே மாட்டார். கொட்டாய் அதற்கு முன்னாலும் அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் எங்களுக்கு அப்போதுதான் அது தெரிந்தது.

கன்னியம்மாதான் அதில் ஓட்டை கண்டுபிடித்தாள். ஒரு புதன்கிழமை வாசிப்பு முடிந்ததும், உலக்கையைத் தூக்கியபடி ஊருக்கே கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள். "ஏண்டி, அந்த ராசா மாளிகை கட்டச் சொன்னானே. அப்போஸ்தலர் ஜோரா கட்டி முடிச்சாரு. ராசா பால் காச்சிக் குடிபோனான்."

பைபிளம்மாவின் கால் விரல் தரையைச் சுரண்டியது. உதடு அசைந்தது. "கட்டல," என்று வந்தேவிட்டது.

உபதேசியார் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"இருமல், ஐயா," என்றாள் கன்னியம்மா. "பட்டைத் தூளு ஜாஸ்தி."

அதிலிருந்து அது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தியும் ஒரு கதையைக் கெடுப்பாள். ராயனின் ஆள் மாடியிலிருந்து விழவில்லை, படியில் சறுக்கினான் என்பாள் ஒருத்தி. "மாடி." இருமல். கவர்னர் காலைக் கழுவினான் என்பாள் இன்னொருத்தி. "கை." இருமல். ஒரு புதன்கிழமைக்கு ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை நாங்கள் வாரம் முழுக்க வைத்துக்கொள்வோம். உபதேசியாருக்கு எங்கள் கொட்டாயில் இருமல் அதிகம் என்று மட்டும் தெரிந்திருந்தது என்று நினைத்தோம்.

பல்லக்குக் கதையை யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால், துரை முன்னால் நான் சொன்ன பொய் எனக்குள்ளேயே கிடந்தது. அவர் வாயால் இன்னொரு தரம் அது திருத்தப்பட வேண்டும் போலிருந்தது. "அந்த எட்டுப் பேரும் பல்லக்கத் திரும்பத் தூக்கிட்டுதானே போனாங்க?" என்றேன் பொதுவாக.

எல்லாரும் உலக்கையை நிறுத்தினார்கள்.

பைபிளம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கால் விரல் அசையவில்லை. உதடு அசையவில்லை. பிறகு குனிந்து, உபதேசியாரின் விரல் இருந்த இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. மாளிகையும் மாடியும் இருமலில் போய்விடும். இந்த ஒன்று போகாது. இதற்குத்தான் அறையைப் பணயமாக வைத்து அவர் வாயைக் கட்டியிருந்தார்கள். அதற்கப்புறம் அவர் எதையும் திருத்தவில்லை. பீபீம்மாவின் தாத்தா வெள்ளைக் குதிரையிலேயே வந்தார். உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நாள் என்று சொல்லிவிட்டு, பழக்கத்தால் நிறுத்திக் காத்திருந்தார். கடைசி பெஞ்சு பேசவில்லை. அவரே "நாலு நாள்" என்று திருத்திக்கொண்டார். "எனக்குக் கஞ்சியே ஊத்தல," என்று கிழவி சொன்னாலும், "இதோ ஊத்தறம்மா," என்று இன்னொரு தரம் ஊற்றினார்.

நான்கு வருஷம் அப்படிப் போயிற்று.

ஒரு மார்கழிக் காலையில் கிழவி செத்துப்போனார். பெட்டி தூக்க ஆள் வேண்டுமே. டோலி தூக்கின அதே எட்டுப் பேர் போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பின்னால் பிடித்த பெரியவருக்கு அப்போது தள்ளாமை. இருந்தும் அவர் தன் இடத்தை விடவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். துரை ஜெபம் பண்ணினார். மண் போடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் ஏதாவது சொல்வதுண்டா என்று கேட்பது வழக்கம். பைபிளம்மா முன்னால் வந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"பாப்பா, நாலு வருஷத்துக்கு முன்ன பட்டைக் கொட்டாயில ஒண்ணு கேட்டியே. அது தப்பு. அவங்க திரும்பத் தூக்கல."

துரை உபதேசியார் பக்கம் குனிந்தார். "அவள் என்ன சொல்கிறாள்?"

உபதேசியார் பெட்டியைப் பார்த்தார். எட்டுப் பேரைப் பார்த்தார். "இருமல், ஐயா," என்றார். "பட்டைத் தூள்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியென்றால் நான்கு வருஷமும் அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் திறந்துவிட்ட வழியில் பைபிளம்மா பேசாமல் போயிருக்கலாம். அன்றைக்கு ராத்திரியும் அந்த அறையிலேயே படுத்திருக்கலாம்.

"இருமல் இல்லீங்க துரை," என்றார். "கதை. உங்களுக்கு முந்தி வேலூர்ல இருந்த துரை வீட்டு அலமாரிக் கதை. இவ ரெண்டு தரம் தப்பா சொல்லிட்டா." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஒரு பெரிய அதிகாரி பொண்டாட்டி பல்லக்குல வர்றா," என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

துரை ஒரு தரம் கையைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டார். பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறு தயாராக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைக் கீழே போட்டார். பைபிளம்மா கதையை முடிக்கும் வரை அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பெட்டியைத் தொடவில்லை.